கென்யிர் ஏரியில் பிளேனர் போர்டு: முதல்முறை போடப் போகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

மூன்றுமுள்:

வணக்கம். ஜூன் விடுமுறையில் நாலு பேராக மலேசியாவின் திரெங்கானுவில் இருக்கும் கென்யிர் ஏரிக்குப் போகிறோம். மூன்று நாள், தங்குவது படகு வீட்டில். மீன் பிடிக்கத் தனியாக ஒரு ஃபைபர் படகு, ஓட்டுவதற்கு உள்ளூர்க்காரர். குறி தோமான் (பெரிய விரால் வகை), கிடைத்தால் செபராவ் (கெண்டை இன நன்னீர் மீன்). இதுவரை நாங்கள் எல்லாம் கரையிலிருந்து லூர் (செயற்கை இரை) வீசிப் பிடிக்கிறவர்கள்தான். படகை ஓட்டிக்கொண்டே லூரை இழுக்கிற ட்ரோலிங் நாலு பேருக்கும் புதிது.

நாலு தூண்டில் கம்பையும் படகுக்குப் பின்னால் நேராக விட்டால் சிக்கு விழும் என்பதால், தூண்டில் நரம்பில் நேரடியாக மாட்டுகிற பிளேனர் போர்டு (லூரைப் படகிலிருந்து பக்கவாட்டில் தள்ளிக் கொண்டுபோகும் மிதவைப் பலகை) இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று வாங்கியாகிவிட்டது. கைவசம் இருப்பது 6.5 அடி பெய்ட்காஸ்டிங் கம்புகள் (நுனி விறைப்பானவை), 30 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நரம்பு), 2 முதல் 4 மீட்டர் வரை மூழ்கும் கிராங்க்பெய்ட் லூர்கள்.

கேட்க வேண்டியவை: இந்தக் கம்பும் பிரெய்டும் போதுமா? போர்டுக்குப் பின்னால் எவ்வளவு நரம்பு விட வேண்டும்? போர்டு படகிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்? மீன் கடித்தது எப்படித் தெரியும், கடித்த பிறகு போர்டை என்ன செய்வது? போவதற்கு முன் சிங்கப்பூரிலேயே ஏதாவது பழகிப் பார்க்க வழி உண்டா?

நரம்பு_நூல்:

போர்டு என்ன வேலை செய்கிறது என்பது முதலில் மனசில் படியட்டும், பாதிக் கேள்வி தானாகத் தீர்ந்துவிடும். பட்டம் காற்றில் மேலே ஏறுகிற மாதிரி, இது தண்ணீரில் பக்கவாட்டில் ஏறுகிறது. முன்பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும். படகு இழுக்கும்போது அந்தச் சாய்வில் தண்ணீர் மோதிப் பலகையை வெளியே தள்ளும். ஆகவே சாய்ந்த முகம் எப்போதும் படகைப் பார்த்திருக்க வேண்டும், கூர்முனை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இடது, வலது எழுத்து அழிந்துபோனாலும் இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மாற்றி மாட்டினால் போர்டு நேராகப் படகுக்கு அடியில் வந்து புகுந்து, மோட்டார் விசிறியைத் தேடிப் போகும்.

அடுத்தது நீளம். லூருக்கும் போர்டுக்கும் நடுவில் இருப்பதைப் பின்நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டுக்கும் கம்புக்கும் நடுவில் இருப்பது வெளிநீளம். இந்த இரண்டில், லூர் எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தீர்மானிப்பது பின்நீளம் மட்டும்தான். வெளிநீளம் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலேயே நிற்கும், அது ஆழத்தைத் தொடாது. புதிதாகப் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிக் குழப்பிக்கொள்வார்கள். "50 மீட்டர் விட்டேன்" என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. பின்நீளம் 20, வெளிநீளம் 30 என்று பிரித்துச் சொன்னால்தான் அடுத்த முறை அதையே திரும்பப் போட முடியும்.

உங்கள் லூருக்குப் பின்நீளம் 20 மீட்டரில் தொடங்குங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் 25. அதற்கு மேல் விட்டால் லூர் கொஞ்சம் கூடுதல் ஆழம் போகும், ஆனால் ஓர் அளவுக்குப் பிறகு நரம்பின் இழுவையே லூரைத் தூக்கிப் பிடித்துவிடும். நரம்பு மெலிதாக இருந்தால் ஆழம் கூடும் என்பதையும் மறக்காதீர்கள். லூர் பெட்டியில் போட்டிருக்கும் ஆழம் பெரும்பாலும் வீசி இழுக்கும்போது போகிற ஆழம்தான். 20 மீட்டர் பின்நீளத்தில், மெல்லிய பிரெய்டில் இழுத்தால் அதைவிடக் கீழே போகும். "3 மீட்டர்" லூரை 3.5 மீட்டர் ஆழமுள்ள திட்டுக்கு மேல் நம்பி விடாதீர்கள்.

நீளத்தை எப்படி அளப்பது? நரம்புக் கணக்கு காட்டும் ரீல் இருந்தால் நல்லது. ஆனால் அது அளப்பது சுருளின் சுற்றுகளைத்தான். ரீல் நிறைய நரம்பு இருக்கும்போது சரியாகக் காட்டும். பாதி காலியானால் ஒவ்வொரு சுற்றுக்கும் குறைவான நரம்புதான் வெளியே வரும், எண் மட்டும் பெரிதாகக் காட்டும். உங்களிடம் இருக்கும் பெய்ட்காஸ்டரில் எண் இல்லை என்றாலும் பரவாயில்லை. நரம்பு வழிகாட்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய்வருகிறது அல்லவா, நரம்பை வெளியே இழுக்கும்போதும் அது ஓடும் ரகமாக இருந்தால், ஒரு முறை கடக்க எத்தனை மீட்டர் வெளியே வருகிறது என்று வீட்டிலேயே அளந்து ரீலில் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். சில ரீல்களில் நரம்பு வெளியேறும்போது வழிகாட்டி அசையாது. அதற்குக் கைக்கணக்குதான்: ரீலிலிருந்து முதல் வளையம் வரை ஓர் இழுப்பு. அது 50 சென்டிமீட்டர் என்றால் 40 இழுப்பு 20 மீட்டர்.

போடும் முறை இது. படகு நேர்கோட்டில் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போகட்டும். லூரைப் படகின் ஓரத்திலேயே தண்ணீரில் வைத்து நேராக நீந்துகிறதா பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் மூக்கு வளையத்தை இடுக்கியால் எதிர்ப்பக்கம் மயிரிழை வளையுங்கள். இதைச் செய்யாமல் போர்டில் மாட்டினால் லூர் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு அரைமணி நேரம் வீணாகும். சரியானதும் பின்நீளத்தை விட்டு, சுருளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, போர்டின் முன் கிளிப்பில் நரம்பை மாட்டி, பிறகு பின் கிளிப்பில் மாட்டுங்கள். போர்டைக் கையால் தண்ணீரில் வைத்துவிட்டு, கட்டைவிரல் அழுத்தத்தை மெதுவாகத் தளர்த்தினால் போர்டே நரம்பை இழுத்துக்கொண்டு வெளியே போகும்.

கெடுவது இந்த இடத்தில்தான். அவசரப்பட்டுச் சுருளை முழுக்க விட்டுவிட்டால் போர்டு வெளியே போகாது, பின்னால் தங்கிவிடும். இழுவை இல்லாத லூர் மிதக்கிற ரகம் என்றால் மேலே வந்துவிடும், மூழ்குகிற ரகம் என்றால் அடியில் போய் மரத்தில் மாட்டிக்கொள்ளும். நரம்பு எப்போதும் விறைப்பாகவே இருக்க வேண்டும்.

முதல் நாள் வெளிநீளம் 20 மீட்டர் போதும். இரண்டு பக்கமும் 20 என்றாலே படகு 40 மீட்டர் வரை அகலத்தைத் துழாவிக்கொண்டு போகிறது.

கம்பைப் பற்றி: விறைப்பு நுனி வேலைக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிரமம். போர்டு அலையில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வைக் கம்பு வாங்கிக்கொள்ள வேண்டும். விறைப்புக் கம்பு வாங்காது. கிளிப் நழுவும், அல்லது மீன் வாயில் முள் போட்ட துளை பெரிதாகி மீன் கழன்றுவிடும். 8 அடி, நடுத்தர வளைவுள்ள கம்பு இரண்டு இரவல் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போங்கள். கிடைக்காவிட்டால் ரீலின் டிராக்கை (நரம்பு ஓடாமல் பிடிக்கும் பிரேக்) கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்: போர்டின் இழுவைக்கு நரம்பு ஓடாத அளவு மட்டும், அதற்கு மேல் கால் திருப்பு.

தோமான்_பைத்தியம்:

மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அது வட அமெரிக்காவின் பேரேரிகளில் வாலாய், டிரவுட் மீன்களுக்காகப் பழக்கத்தில் வந்த முறை. அங்கே திறந்த தண்ணீர் கண்ணுக்கு எட்டியவரை இருக்கும். கென்யிர் அப்படி இல்லை. 1985இல் அணை கட்டி முடித்துக் காட்டை மூழ்கடித்த ஏரி. சுமார் 260 சதுர கிலோமீட்டர், 340 தீவுகள், அந்தத் தீவுகள் எல்லாம் பழைய மலை உச்சிகள். மரங்கள் நின்ற நிலையிலேயே செத்து நிற்கின்றன, பல இடத்தில் நுனி தண்ணீருக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

போர்டு 20 மீட்டர் தள்ளிப் போனால் லூர் போகிற பாதைக்கு மேல் உங்கள் படகு போகவில்லை. உங்கள் சோனார் காட்டுவது படகுக்கு அடியில் உள்ளதை. லூர் போகிற பாதையில் என்ன நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. இது ஒன்றை மறந்தால் முதல் மணி நேரத்திலேயே நாலு லூர் போய்விடும். ஒரு லூர் 20 வெள்ளி, நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆகவே மரம் நிற்கிற குடாக்களுக்குள் போர்டு வேண்டாம். அங்கே பழையபடி வீசிப் பிடியுங்கள், அதுதான் அழகும்கூட. போர்டு போட வேண்டிய இடம் பழைய ஆற்றுப் படுகை ஓடுகிற அகலமான வாய்க்கால்கள், தீவின் செங்குத்துச் சரிவை ஒட்டிய தண்ணீர். சரிவுக்கு இணையாகப் படகை 30 மீட்டர் தள்ளி ஓட்டி, கரைப்பக்கம் மட்டும் போர்டு விடுங்கள். லூர் கரையிலிருந்து சுமார் 10 மீட்டரில் போகும், படகு மீனை மிரட்டுவது குறையும். போர்டுக்கு உண்மையான மரியாதை இந்த இடத்தில்தான். மறுபக்கம் போர்டு இல்லாமல் ஒரு கம்பை நேராகப் பின்னால் 30 மீட்டரில் விட்டால் போதும். முதலில் போர்டு இல்லாமல் ஒரு தடவை அதே பாதையில் படகை ஓட்டி, சோனாரில் மரம் இருக்கிறதா பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது போடுங்கள்.

இன்னொரு தலைவலி வேகம். அந்த ஃபைபர் படகுகளில் இருக்கும் அவுட்போர்டு மோட்டார் கியரில் போட்டாலே, ஆக்சிலரேட்டர் தொடாமலே, மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடும். இந்த அளவுப் போர்டுக்கு 3 முதல் 4.5 வரை வசதி. அதற்கு மேல் போனால் மூக்கைக் குத்தித் தண்ணீருக்குள் போய்விடும். அதற்கு மருந்து மிக எளிது: இரண்டு பிளாஸ்டிக் வாளி. அடியில் விரல் பருமனுக்கு நாலைந்து துளை போட்டு, ஒரு மீட்டர் கயிற்றில், படகின் இரண்டு பக்கமும் நடுவாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அமரத்தில் (படகின் பின்முனையில்) கட்டாதீர்கள், விசிறியில் சுற்றும். கயிற்றைக் கட்டும் முன் அது விசிறி வரை எட்டாது என்று அளந்து பாருங்கள். வேகத்தைக் கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.

படகோட்டியிடம் புறப்படும் முன்பே மலாயில் பேசிவிடுங்கள். "பெலான்", "லூருஸ்", "ஜாங்கான் பெர்ஹெந்தி" இந்த மூன்றும் போதும். மெதுவாக, நேராக, நிறுத்தாதே. முக்கியமாக மூன்றாவது. மீன் கடித்ததும் மோட்டாரை அணைப்பது நல்ல படகோட்டிகளின் பழக்கம், வீசிப் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் சரி. போர்டு கிடக்கும்போது அணைத்தால் எல்லாப் போர்டும் ஒன்றாக வந்து சேர்ந்து பின்னலாகிவிடும்.

அலைக்கோடு:

கிளிப்பைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் இது. போர்டு விலை 60 வெள்ளியோ 100 வெள்ளியோ, அது வேலை செய்வதும் செய்யாததும் அந்தச் சின்ன ரப்பர் பட்டைகளில் இருக்கிறது.

மூன்றுமுள், உங்கள் 30 பவுண்டு பிரெய்டு கிளிப்பில் நிற்காது. பிரெய்டு மெலிது, வழுவழுப்பு, ரப்பர் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. இழுவை ஏற ஏற நரம்பு நழுவி, போர்டு கொஞ்சம் கொஞ்சமாக லூரை நோக்கிப் பின்வாங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்நீளம் 20 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது 12 ஆகியிருக்கும்.

வழி இரண்டு. முதலாவது, பிரெய்டின் முனையில் 40 மீட்டர் தங்கூசி (ஒற்றை இழை நைலான், அதாவது மோனோ) சேர்ப்பது. 20 பவுண்டு மோனோ போதும். பின்நீளம் 20, 25 மீட்டர்தான் என்பதால் கிளிப் கடிக்கிற இடம் எப்போதும் தங்கூசியில் விழும். முடிச்சு மெலிதாக இருக்கட்டும், வழிகாட்டியிலும் நுனி வளையத்திலும் தட்டாமல் போக வேண்டும். நல்ல விஷயம் என்னவென்றால் தங்கூசி கொஞ்சம் நீளும், உங்கள் விறைப்புக் கம்பின் குறையை அது ஓரளவு ஈடுகட்டும். இரண்டாவது வழி, பிரெய்டிலேயே ஒரு சின்னக் கண்ணி எடுத்து விரலில் வைத்து 6, 7 தடவை முறுக்கி, அந்த முறுக்குப் பாகத்தைக் கிளிப்புக்குள் வைப்பது. பிடிக்கும், ஆனால் கழற்றிய பிறகு முறுக்கு அவிழாமல் போனால் அது வளையத்தில் மாட்டும். எனக்குத் தங்கூசி வழிதான் சரி என்று படுகிறது.

நரம்பைப் பட்டையின் எந்த ஆழத்தில் வைக்கிறீர்கள் என்பதுதான் பிடியின் அளவு. விளிம்பில் வைத்தால் சிறு மீனுக்கும் விடுபடும். உள்ளே கடைசி வரை தள்ளினால் 5 கிலோ தோமான் இழுத்தாலும் விடாது. தோமானுக்கு முன் கிளிப்பில் நடுப்பகுதிக்குச் சற்று வெளியே வையுங்கள். அடித்ததும் முன் கிளிப் விடுபட வேண்டும், பின் கிளிப் விடக்கூடாது. அப்போது போர்டு வாலில் தொங்கிக்கொண்டு தட்டையாகப் புரண்டுவிடும், தண்ணீரை எதிர்க்காது, மீனை மட்டும் இழுக்கலாம். பின் கிளிப்பின் நடுவில் ஒரு ஊசி இருக்கும், அந்த ஊசிக்கு உள்பக்கம் நரம்பு போக வேண்டும். ஊசிக்கு வெளியே வைத்துவிட்டு, போர்டைத் தொலைத்தவர்கள்தான் அதிகம்.

செபராவ் மட்டும்தான் குறி என்றால் முன் கிளிப்பையும் ஆழமாக வைத்து, போர்டு விடுபடாமலேயே மீனைக் கொண்டுவரலாம். சிறு மீனுக்கு இது சுலபம். பெரிய தோமான் வந்தால் போர்டும் சேர்ந்து எதிர்க்கும், கை வலிக்கும், அவ்வளவுதான்.

போர்டு ஒழுங்காக ஓடவில்லை என்றால் எங்கே பார்ப்பது:

வெளியே போகாமல் பின்னாலேயே கிடக்கிறது என்றால் முதலில் லூரைப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை முள்ளில் இலையோ பாசியோ மாட்டியிருக்கும். இல்லாவிட்டால் பின் கிளிப் கழன்றிருக்கும். அதுவும் சரி என்றால் கம்பு நுனி தாழ்ந்து, வெளிநீளம் தண்ணீரில் தோய்கிறது. கம்பைத் தூக்கி வையுங்கள்.

மூக்கைக் குத்தி மூழ்குகிறது என்றால் வேகம் அதிகம், அல்லது அந்தப் போர்டு சுமக்க முடியாத அளவு பெரிய மூழ்கு லூர். பெரிய உதடுள்ள லூர் ஒன்றைச் சின்னப் போர்டில் மாட்டினால் அது போர்டையே கீழே இழுக்கும். அடிப்பாகத்தில் இருக்கும் ஈயக்கட்டை ஆட்டம் கண்டிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள், சாய்ந்து ஓடுவதற்கு அது காரணமாக இருக்கும்.

மூன்றுமுள்:

எல்லோருக்கும் நன்றி. வாளி யோசனை எங்கள் யாருக்கும் தோன்றவே தோன்றாது.

மூன்று சந்தேகம். ஒன்று, ஒரு பக்கத்தில் இரண்டு போர்டு போட முடியுமா? நாலு பேர், நாலு கம்பு, யாரும் சும்மா உட்கார மாட்டார்கள். இரண்டு, திரும்பும்போது என்ன செய்வது? மூன்று, கடித்தது பாசியா மீனா என்று தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?

நரம்பு_நூல்:

இரண்டு போடலாம். வெளிப்போர்டை முதலில் விடுங்கள், 30 மீட்டர் போகட்டும். உள்போர்டு 15 மீட்டரில். வெளிப்போர்டின் கம்பு அணியத்தை (படகின் முன்முனையை) நோக்கிய ஹோல்டரில், நுனி உயர்ந்து நிற்க வேண்டும். உள்போர்டின் கம்பு அதற்குப் பின்னால், அமரத்துக்குப் பக்கத்தில், நுனி தாழ்ந்து. அப்போதுதான் ஒரு நரம்பு இன்னொன்றின் மேல் ஏறாது.

லூரையும் யோசித்துப் பிரித்துப் போடுங்கள். குறைந்த ஆழம் போவது வெளியே, அதிக ஆழம் போவது உள்ளே. காரணம்: வெளிப்போர்டில் மீன் கடித்தால் அது படகுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு உள்போர்டின் நரம்பைக் கடந்து வர வேண்டும். மேலே ஓடுகிற லூர் என்றால் உள்ளே இருப்பதன் தலைக்கு மேல் கடந்துவிடும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு கம்பு சிக்கும்.

ஆனால் முதல் நாளே இரண்டு வேண்டாம். காலையில் பக்கத்துக்கு ஒன்று. மாட்டுவது, விடுவது, எடுப்பது மூன்றும் பேசாமல் நடக்கிற அளவுக்குக் கை பழகிய பிறகு மாலையில் இரண்டாவதைச் சேர்க்கலாம். நாலு பேரில் இருவர் கம்பு, ஒருவர் போர்டைக் கழற்ற, ஒருவர் கைவலையோடு நிற்க என்று பிரித்துக்கொண்டால் யாரும் சும்மா இல்லை.

திரும்பும்போது உள்வளைவில் இருக்கும் போர்டு வேகம் குறைந்து கிட்டத்தட்ட நின்றுவிடும், வெளிவளைவில் இருப்பது வேகமெடுக்கும். இறுக்கமாகத் திரும்பினால் உள்வளைவுப் போர்டு நின்று நரம்பு தொய்ந்து, பின்னால் வருவதோடு பின்னிக்கொள்ளும். கால்பந்துத் திடலைச் சுற்றி வருகிற அளவுக்கு அகலமாகத் திரும்பச் சொல்லுங்கள், திரும்பும்போது வேகத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள். இதில் ஓர் ஆதாயமும் உண்டு. திருப்பத்தில் எந்தப் பக்கம் கடிக்கிறது என்று கவனியுங்கள். வெளிவளைவில் கடித்தால் மீன் கூடுதல் வேகம் கேட்கிறது, உள்வளைவில் கடித்தால் குறைவான வேகம். நேர்கோட்டுக்கு வந்ததும் அதற்கேற்ப அரை கிலோமீட்டர் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். பக்கக்காற்று பலமாக அடிக்கிற நேரத்தில் காற்றை எதிர்த்தோ, காற்றோடு சேர்ந்தோ மட்டும் ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் படகு நண்டு மாதிரி சரிந்து போகும், ஒரு பக்கப் போர்டு படகின் அடியில் வந்து நிற்கும்.

கடித்தது தெரிவதற்குப் போர்டையே பாருங்கள், கம்பை அல்ல. ஜோடியாக ஓடுகிறவற்றில் ஒன்று மெல்லப் பின்தங்கி அப்படியே நின்றால் பாசி, அல்லது கையளவுச் சின்ன மீன். விட்டுவிட்டு வெட்டி வெட்டி இழுபட்டால் மீன். தோமான் அடித்தால் சந்தேகமே வராது, போர்டு ஒரே இழுப்பில் பின்னால் போகும், சில சமயம் முழுக்க மறையும். கொடி வைத்த போர்டு என்றால் கொடியின் ஸ்பிரிங்கை உங்கள் லூரின் சாதாரண இழுவைக்கு நிமிர்ந்து நிற்கிற மாதிரி முதலில் சரிசெய்துவிடுங்கள், இல்லையென்றால் கொடி எந்நேரமும் சாய்ந்தே இருக்கும்.

கடித்த பிறகு வீசிப் பிடிக்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு, கம்பை ஓங்கி இழுப்பது. வேண்டாம். படகின் ஓட்டமே முள்ளை ஏற்றியிருக்கும். கம்பை ஹோல்டரிலிருந்து எடுத்து, நுனி பாதி உயரத்தில், விறைப்பு விடாமல் ஒரே சீராகச் சுருட்டுங்கள். கம்பைத் தூக்கித் தாழ்த்திப் பம்ப் அடிக்காதீர்கள். தாழ்த்தும்போது போர்டு முன்னால் வழுக்கி நரம்பு தொய்யும், அந்த அரை நொடி தோமானுக்குப் போதும். போர்டு கம்பு நுனிக்கு ஒரு மீட்டரில் வந்ததும் இன்னொருவர் நரம்பைப் பிடித்துக் கிளிப்புகளைத் திறந்து போர்டை எடுத்துவிட வேண்டும். கம்பு பிடித்திருப்பவர் அந்த நேரத்தில் பின்னால் ஓரடி நகர்ந்தால் விறைப்பு குறையாது. படகு இதற்குள் நிற்கக் கூடாது, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். மற்ற போர்டுகளும் அதனால்தான் தம் இடத்தில் நிற்கும்.

தோமான்_பைத்தியம்:

லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு) பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் போகாதீர்கள். தோமானுக்குப் பல் உண்டு. 50 பவுண்டு ஃபுளூரோகார்பன் 60 சென்டிமீட்டர், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். லூரோடு வரும் மும்முனை முள் பெரும்பாலும் மெல்லிய கம்பி. அதைத் தடித்த ரகத்துக்கு மாற்றுங்கள், ஆனால் எடை கூடினால் மிதக்கிற லூர் மூழ்கத் தொடங்கும், மாற்றிய பிறகு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். மரத்தில் மாட்டினால் மேலே மிதந்து கழல்கிற லூர்தான் அங்கே பிழைக்கும்.

தண்ணீர் மேலே சிவப்புப் புள்ளிக் கூட்டமாகத் தோமான் குஞ்சுகள் குமிழியிட்டுக்கொண்டிருந்தால் அதற்குப் பக்கத்தில் போர்டை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கீழே காவல் நிற்பது தாயும் தகப்பனும். அவற்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. அப்படிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது மீன்பிடிப்பாகவே தெரியவில்லை. கெலா மீன் சரணாலயப் பகுதியிலும் தூண்டில் போடக் கூடாது, படகோட்டிக்கு எல்லை தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈசூன்_ராத்திரிப்பட்சி:

சிங்கப்பூரில் பழகுவது பற்றி. நம் நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டுமே, செயற்கை லூரோடு மட்டுமே மீன் பிடிக்கலாம். ட்ரோலிங் பயிற்சிக்கு அவை இடமில்லை. கடலில் மோட்டார் படகு எடுத்து ஓட்ட உரிமம் வேண்டும், பயிற்சிக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை. தண்ணீரே இல்லாமல் பழக வேண்டியவைதான் முக்கால்வாசி.

இரவு பத்து மணிக்கு மேல் ஆள் நடமாட்டமில்லாத அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் போதும். தரையில் 20 மீட்டருக்கு ஒரு டேப், 30 மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். முள்ளைக் கழற்றிய லூரை அங்கே வைத்துவிட்டு ரீலோடு நடந்து, எத்தனை இழுப்பு, எத்தனை தடவை வழிகாட்டி கடக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு ரீலுக்கும் தனித்தனியாக, ஏனென்றால் எந்த இரண்டும் ஒன்றாக இருக்காது.

கிளிப்புக்கு மீன் நிறுக்கும் கைத்தராசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போர்டைத் தூணில் கட்டி, நரம்பைக் கிளிப்பில் மாட்டி, தராசால் இழுத்து, எத்தனை கிலோவில் விடுபடுகிறது என்று பாருங்கள். பட்டையின் விளிம்பு, நடு, உள் என மூன்று இடத்திலும் மூன்று மூன்று தடவை. முன் கிளிப் 1.5 முதல் 2 கிலோவில் விடுபடுகிற இடத்தில் தொடங்கலாம். மூன்று தடவையும் ஒரே எண் வந்தால் அந்த இடத்தில் பட்டையில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். எண் தாறுமாறாக வந்தால் பட்டை தேய்ந்துவிட்டது அல்லது எண்ணெய்ப் பசை, சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். அப்புறம் நரம்பை நனைத்துவிட்டு மறுபடி இழுங்கள். ஏரியில் அது நனைந்துதான் இருக்கும், காய்ந்த எண்ணை நம்ப முடியாது.

மூன்றாவது பயிற்சி கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவது. ஒரு கையில் கம்பு, கட்டைவிரல் சுருளில், இன்னொரு கையால் முன் கிளிப், பின் கிளிப், ஊசிக்கு உள்பக்கம். 15 நொடிக்குள் முடிகிற வரை செய்யுங்கள். படகு ஆடும்போது இதைச் செய்யப் போகிறீர்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பெங்காலான் காவி படகுத்துறைப் பக்கம் படகுப் போக்குவரத்து அதிகம், அந்த வட்டாரத்தில் போர்டைப் போடாதீர்கள். படகுக்கும் போர்டுக்கும் நடுவில் இன்னொரு படகு புகுந்தால் நரம்பு அவர்கள் விசிறியில் போகும், அவர்கள் கண்ணுக்கு அந்த நரம்பு தெரியாது. எங்கே போட்டாலும் போர்டில் செம்மஞ்சள் நிறக் கொடி ஒன்று நிற்கட்டும். அப்புறம் போர்டின் அடிப்பக்கம் உங்கள் கைப்பேசி எண்ணை அழியாத மையால் எழுதிவையுங்கள். நரம்பு அறுந்தால் போர்டு மிதக்கும், காற்று எந்தக் கரையில் ஒதுக்குகிறதோ அந்தப் பக்கம் படகு வீட்டுக்காரர்கள் எடுத்து வைப்பார்கள்.

மூன்றுமுள்:

இப்போதுதான் கீழ்த்தளத்தில் தராசு வைத்துப் பார்த்தேன். பிரெய்டு முறுக்காமல் வைத்தால் எந்த இடத்திலும் 600 கிராமைத் தாண்டவில்லை. 20 பவுண்டு தங்கூசி நடுவில் 1.8 கிலோ, நனைத்த பிறகு 1.5. கோடு போட்டுவிட்டேன். பின் கிளிப்பின் ஊசி ஒன்று வளைந்திருக்கிறது, அதை நிமிர்த்தலாமா, மாற்ற வேண்டுமா?

அலைக்கோடு:

மாற்றுங்கள். நிமிர்த்தினால் அந்த இடத்தில் உலோகம் சோர்ந்திருக்கும், அடுத்த பெரிய மீனில் ஒடியும். கிளிப் மட்டும் தனியாகவே விற்பார்கள். ஒன்று கூடுதலாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கென்யிரில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.